பூட்டுக்கடையில் இன்னொரு பெயர்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

நேற்றும் போன் செய்திருந்தீர்கள். பார்த்தேன், எடுக்கவில்லை. கோபம் என்று நினைக்காதீர்கள். போனில் உங்கள் குரல் உங்கள் தங்கை குரல் மாதிரியே இருக்கிறது. நேரில் அப்படித் தோன்றியதே இல்லை, போனில்தான். "சாப்டீங்களா?" என்று நீங்கள் கேட்டால் அதற்குப் பிறகு அன்றைக்கு என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை. மெசேஜும் வேண்டாம். நீங்கள் டைப் செய்துகொண்டிருப்பது எனக்குத் தெரிகிறது, நான் படித்துவிட்டுச் சும்மா இருப்பது உங்களுக்குத் தெரிகிறது. தபாலில் அந்தத் தொல்லை இல்லை. கொஞ்ச நாள் இப்படி எழுதிக்கொள்வோம்.

நான் நன்றாக இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன். இது நாயைப் பற்றிய கடிதம்.

வக்கீல் சாப்பிடுகிறான், தூங்குகிறான், காலிங் பெல்லுக்கும் குக்கருக்கும் வழக்கம்போல ஆட்சேபம் தெரிவிக்கிறான். அதில் குறை இல்லை. ஆனால் சில பழக்கங்கள் எனக்குப் புரியவில்லை. படுக்கும் முன் சுற்றிச் சுற்றி வருவது, தட்டிலிருந்து ஒரு வாய் கவ்விக்கொண்டு ஹாலில் போய்த் தின்பது, என் சாக்ஸில் ஒன்றை மட்டும் திருடுவது, இதெல்லாம் பல நாய்களும் செய்வதுதானாம். படித்துப் பார்த்தேன். சாவி விஷயம் மட்டும் எதிலும் இல்லை.

சாவிக்கொத்தைக் கையில் எடுத்தால் எந்த நாயும் வாசலுக்கு ஓடும், வெளியே போகப் போகிறோம் என்று. இவன் நேரே சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய், வாசலுக்கு முதுகைக் காட்டிச் சுருண்டு படுத்துவிடுகிறான். பயமில்லை, வால் ஆடுகிறது. ஆபீசுக்கு வந்து தன் சீட்டில் உட்கார்ந்த ஆள் மாதிரி ஒரு நிம்மதி முகத்தில். பிறகு வாயைத் திறந்து காத்திருக்கிறான். எதற்கு என்று தெரியவில்லை.

இன்னொன்று. பூங்கா எங்கள் கேட்டுக்கு வலப்பக்கம். இவன் இடப்பக்கம்தான் இழுக்கிறான்.

எங்கள் தொழிலில் ஒரு புகார் அடிக்கடி வரும். யாருமே பட்டனை அழுத்தவில்லை, லிஃப்ட் தானாக மூன்றாவது மாடிக்குப் போய் நிற்கிறது என்பார்கள். லிஃப்ட் தானாக எங்கேயும் போகாது அக்கா. எங்கிருந்தோ அதற்கு அழைப்பு போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் எங்களுக்குச் சம்பளம்.

அவளுடைய கடைசி மாதங்களில், பகலில் நான் வேலைக்குப் போன பிறகு அவளோடு இருந்தது நீங்கள்தான். அப்போது இவன் இப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா?


பிப்ரவரி 11

தம்பி,

என் குரலுக்கு நான் என்ன பண்றது, பொறந்ததுல இருந்து இதான் இருக்கு. சரி, எழுதுறேன். ஆனா எனக்கு உங்கள மாதிரி அடுக்கி எழுத வராது, பேசுற மாதிரிதான் வரும்.

ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க, அதுல உங்களப் பத்தி ஒன்றரை வரி. "நான் நன்றாக இருக்கிறேன்." நல்லா இருக்குறவங்க யாரும் அப்படி எழுத மாட்டாங்க தம்பி. ஜலதோஷம்னு எழுதுவாங்க, எதிர்வீட்டுக்காரன் வண்டிய குறுக்க நிறுத்துறான்னு எழுதுவாங்க. உங்க சகலை படிச்சுட்டு, "என்ன இது, மெஷினுக்கு சர்வீஸ் ரிப்போர்ட் குடுத்த மாதிரி இருக்கு"ன்னாரு. நான் அவர அதட்டிட்டேன். ஆனா நெசம்தான்.

நாய்னா அப்படித்தான் ஏதாவது பண்ணும். எங்க மாமா வீட்ல ஒண்ணு இருந்துச்சு, குடைய விரிச்சா குளிக்கிற ரூமுக்குள்ள போய் நின்னுக்கும், மடக்குனாத்தான் வெளிய வரும். ஏன்னு யாரு கேட்டா? இவனும் ஏதோ பண்றான், விடுங்க. நான் ஒண்ணும் கவனிக்கல. தங்கச்சிக்கு, நம்ம குட்டிக்கு, மாத்திரை, கஞ்சி, துணின்னு எனக்கு ஓட்டமா இருந்துச்சு.

ஒண்ணு மட்டும் சொல்றேன். வேலையையும் பாத்துக்கிட்டு நாயையும் பாத்துக்கிறது கஷ்டம். முடியலன்னா வெக்கப்படாம சொல்லுங்க. நல்ல இடம் இருக்கு. மார்ச் முடியிறதுக்குள்ள யோசிச்சு சொன்னீங்கன்னா போதும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்க. இத போன்ல கேக்கல, எழுதித்தான் இருக்கேன்.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

"நல்ல இடம் பார்க்கிறேன்" என்று நீங்கள் எழுதவில்லை. "நல்ல இடம் இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். மார்ச் முடிவதற்குள் என்று கெடு வேறு. நாயை எங்கேயாவது விடப்போவதாக நான் யாரிடமும் சொல்லவில்லையே.

அது இருக்கட்டும். சனிக்கிழமை காலை வக்கீலை அவன் இஷ்டத்துக்கு விட்டேன். கயிற்றைத் தளர்த்திவிட்டுப் பின்னாலேயே போனேன். கேட்டிலிருந்து இடப்பக்கம். எங்கேயும் நின்று மோப்பம் பிடிக்கவில்லை, ஒரு கம்பத்தில்கூடக் காலைத் தூக்கவில்லை. பஸ் பிடிக்கப் போகிறவன் மாதிரி நடந்தான். ரோட்டைக் கடக்கும் இடத்தில் தானாக உட்கார்ந்து, வண்டிகள் நின்றதும் எழுந்தான். எனக்கு இதை அவன் ஒரு தடவைகூடச் செய்து காட்டியதில்லை. கடைசியில் ஒரு பூட்டுக்கடையில் நுழைந்தான்.

சின்னக் கடை. சுவர் முழுக்க இன்னும் வெட்டாத சாவிகள், சாவி வெட்டும் மெஷின், கவுண்டர், ஒரு ஸ்டூல். பூட்டுக்காரருக்கு என் வயது இருக்கும். வக்கீல் கவுண்டருக்கு அடியில் போய்த் தெருவுக்கு முதுகைக் காட்டிப் படுத்துவிட்டான். அங்கே ஒரு தண்ணீர்க் கிண்ணம் இருந்தது. குடித்தான்.

"இவன உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். தெருவுல எத்தனையோ நாய் வருது, போகுது."

"கிண்ணம்?"

"அது... எனக்குத்தான் சார். மெஷின் சூடாகும், தண்ணி ஊத்தணும்."

அந்த மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கும். அவர் என்னோடு பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல், கையைக் கீழே விட்டு இவனுடைய இடது காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தார். வேறெங்கே சொறிந்தாலும் இவன் நகர்ந்துவிடுவான். அந்த இடம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாய் பேசாது. ஆனால் பொய்யும் சொல்லாது. அவள் இந்த ஆளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பகலில் வீட்டை விட்டு வெளியே போனதாகவும் சொன்னதில்லை. "இன்னைக்கு முழுக்கப் படுத்தே இருந்தேன்" என்றுதான் சொல்வாள்.

வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டேன். வேறு கடையில் வாங்கினேன்.


பிப்ரவரி 22

தம்பி,

பூட்ட மாத்துனீங்களா! அடக் கடவுளே. திருடன் வந்தான்னா மாத்துறாங்க, நாய் ஒரு கடையில தண்ணி குடிச்சுச்சுன்னா மாத்துவாங்க?

நீங்க யார சந்தேகப்படுறீங்க, அத சொல்லுங்க மொதல்ல. பூட்டுக்காரனயா? நாயயா? வேற யாரயும் மனசுல வெச்சிருந்தீங்கன்னா அத மட்டும் எழுதிடாதீங்க. பேசுனது காத்துல போயிடும். எழுதுனா என் வீட்டு அலமாரியில கெடக்கும், நான் தெனம் அதப் பாக்கணும். அவ என் தங்கச்சி.

நானும் ஒண்ணு கேக்கட்டுமா? "வேலைக்குப் போகிறேன்"னு எழுதியிருக்கீங்க. உங்க மேல்வீட்டு டீச்சரம்மா எனக்குப் போன் பண்ணாங்க. "தெனம் காலையில ஷூ போடுற சத்தம் கேக்குதுங்க, கதவு தெறக்கிற சத்தம் கேக்கல"ன்னாங்க. லிஃப்ட்டெல்லாம் இப்ப வீட்டுக்கே வந்து ரிப்பேர் பண்ணிக்கிட்டுப் போகுதா தம்பி? என்கிட்ட எதுக்கு மறைக்கிறீங்க?

அந்தப் பாலத்தடிக் கடைக்கு இனிமே போகாதீங்க. வக்கீல வலப்பக்கமே இழுத்துட்டுப் போங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

என் கடிதத்தில் பாலம் என்ற வார்த்தையே இல்லை. எழுதும்போது பிரதி எடுப்பது தொழில் பழக்கம், எடுத்துப் பார்த்தேன். தெருப் பெயர்கூட நான் எழுதவில்லை. ஆனால் அந்தக் கடை பாலத்துக்கு அடியில்தான் இருக்கிறது. உங்களுக்கு எப்படித் தெரியும்?

வேலை விஷயம் நீங்கள் சொன்னதுதான். போகவில்லை. கிளம்புகிறேன். ஷூ போடுகிறேன். சாவியை எடுக்கிறேன். இவன் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்து வாயைத் திறந்து காத்திருக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அப்புறம் நானும் உட்கார்ந்துவிடுகிறேன். நாயைத் தனியாக விட முடியாது என்று ஆபீசில் சொல்லி லீவு வாங்கியிருக்கிறேன். இப்போது உங்கள் முறை.

ஏனென்றால் நான் மறுபடி போனேன். பூட்டுக்காரர் சாப்பிட வீட்டுக்குள் போயிருந்தார், கடைக்குப் பின்னால்தான் வீடு. கவுண்டரில் ஆள் இல்லை. குனிந்து பார்த்தேன். இவன் படுக்கும் இடத்தில் நான்காக மடித்த கட்டில் விரிப்பு. நீலக் கோடு, ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. அதைச் சுட்டது நான். கல்யாணமான புதிதில். அந்த விரிப்பை மூன்று மாதமாக வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன், அக்கா. எங்கள் படுக்கை விரிப்பு ஒரு பூட்டுக்கடையில் என்ன செய்கிறது?

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "பஞ்சு! வந்துட்டியாடா கண்ணு?"

வக்கீல் துள்ளிக்கொண்டு ஓடினான். ஐந்து வருடமாக வக்கீல் என்று கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பான். பஞ்சு என்றதும் ஒரே பாய்ச்சல்.

அந்தம்மா பூட்டுக்காரரின் மனைவி. என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்களா... நீங்களே கூட்டிட்டு வந்துட்டீங்களா? அப்ப சரின்னுட்டீங்களா?"

"எதுக்குச் சரி?"

"அக்கா இன்னும் சொல்லலையா?"

பின்னாலிருந்து பூட்டுக்காரர், "ஏய், உள்ள வா நீ" என்றார். அதோடு சரி. இரண்டு பேரும் பூட்டின மாதிரி ஆகிவிட்டார்கள்.

இதுவரை சந்தேகம் ஒருத்தி மேல்தான் இருந்தது. எழுதாதீர்கள் என்றீர்கள், எழுதவில்லை. இப்போது அது உங்கள் மேல் வந்திருக்கிறது. அதை எழுதலாம் இல்லையா? என் நாய்க்கு எனக்குத் தெரியாமல் இன்னொரு வீடு, இன்னொரு பெயர், என் விரிப்பில் படுக்கை. இதில் உங்கள் பங்கு என்ன? முழுசாக எழுதுங்கள். நாயைப் பற்றிக் கெடு வைக்கிற உரிமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது?


மார்ச் 8

தம்பி,

சரி. சொல்லிடுறேன். மார்ச் முடியிற வரைக்கும் வாய மூடிட்டு இருன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. ஆனா நீங்க அவள என்னென்னமோ நெனைக்கிறத விட சத்தியம் போறது மேல்.

எல்லாம் குட்டி பண்ணுனது.

ரெண்டாவது தடவ ஆஸ்பத்திரியில இருந்து வந்த பொறகு, எழுந்து வந்து எனக்குக் கதவு தெறக்க அவளால முடியல. எனக்கு ஒரு சாவி போடலாம்னு அந்தக் கடைக்குப் போனோம். ஆட்டோவுலதான். வக்கீலும் கூட வந்தான். மெஷின் கத்துன கத்துல குரைப்பான்னு பாத்தா, நேரா கவுண்டருக்கு அடியில போய்த் தூங்கிட்டான். அந்தம்மா அழுதுட்டாங்க. அவங்க வளத்த நாய் அதே எடத்துல படுத்துக் கெடந்து செத்து ஒரு மாசம்தான் ஆச்சாம். குட்டி ஸ்டூல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. திரும்பி வரும்போது ஆட்டோவுல, "அக்கா, எடம் கெடச்சிருச்சு"ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல.

அப்புறம்தான் பழக்குனா. உங்களுக்கு லிஃப்ட் தெரியும், அவளுக்கு நாய் தெரியும். அவ ஆட்டோவுல வருவா, நான் இவன நடத்திக் கூட்டிட்டு வருவேன், ரோட்டோரம் இவன உக்கார வைக்கிறதும் அவ சொல்லிக் குடுத்ததுதான். மொதல்ல கொஞ்ச நேரம் இவன அங்க விட்டுட்டு நாங்க வாசல்ல நிப்போம். அப்புறம் தெருமுனை. அப்புறம் மத்தியானம் முழுக்க. கடைக்கு ஆள் வந்தா, பூட்டுக்காரர் சாவிக்கொத்த ஆட்டுவாரு, இவன் அடியில போய்ப் படுக்கணும், படுத்தா வாயில ஒரு பிஸ்கட். அதுக்குத்தான் உங்க வீட்டு மேஜைக்கு அடியில வாயத் தெறந்துட்டுக் கெடக்குறான், பாவம். பேரும் அவதான் மாத்தச் சொன்னா. "பழைய பேரக் கூப்பிட்டா பழைய வீட்டத் தேடுவான்"ன்னா. விரிப்பையும் அவதான் எடுத்துட்டுப் போனா. தொவைக்காம எடுத்துட்டுப் போனா. "எங்க ரெண்டு பேர் வாசனையும் இருக்கட்டும், கொஞ்ச நாளைக்கு."

இதெல்லாம் ஏன் உங்ககிட்ட சொல்லலன்னு கேப்பீங்க. எப்படிச் சொல்றது தம்பி? உங்க வீட்ல "அப்புறம்"ங்கிற பேச்சே கூடாதுன்னு நீங்கதான வெச்சிருந்தீங்க. நான் ஒரு தடவ "ஒருவேளை"ன்னு ஆரம்பிச்சதுக்கு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டெல்லாம் எடுத்து மேஜையில பரப்பி, பேனாவால கோடு போட்டு, பாருங்க ஏறுது, பாருங்க ஏறுதுன்னு காட்டுனீங்க. குட்டியும் தலைய ஆட்டுனா. நீங்க குளிக்கப் போனதும் என்கிட்ட, "அவருக்காக ஆட்டுனேன்"ன்னா. சாகப்போறவ சாவப் பத்திப் பேச அந்த வீட்ல எடம் இல்ல. அதனால பூட்டுக்கடையில போய்ப் பேசுனா. எனக்கு உங்க மேல இருக்குற கோபம் அது ஒண்ணுதான். இன்னைக்கு வரைக்கும் போகல.

பூட்டுக்காரர் பொய் சொன்னது நான் சொல்லித்தான். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராதுன்னு உங்க கடிதத்தப் படிச்சப்பவே தெரிஞ்சுது.

உங்களுக்கு நாயப் பாத்துக்கத் தெரியாதுன்னு அவ நெனைச்சான்னு எடுத்துக்காதீங்க. அதுக்கு நேர்மாறு. நானே கேட்டேன், "ஏண்டி, அவருக்கு ஒரு தொணையா இருக்கட்டுமே"ன்னு. அவ சொன்னத அப்படியே எழுதுறேன்: "நல்லாப் பாத்துப்பாரு அக்கா, அதான் பயம். நாயத் தனியா விட முடியாதுன்னு சாக்கு சொல்லிட்டு வீட்டுக்குள்ளயே கெடப்பாரு. ஷூவப் போட்டுட்டு உக்காந்திருப்பாரு. மார்ச்சுக்குள்ள பிரிச்சுடு. அதுக்கு மேல போனா ரெண்டையும் பிரிக்க முடியாது."

உங்க போன கடிதத்துல ஷூ பத்திப் படிச்சதும் நான் சமையக்கட்டுல அப்படியே உக்காந்துட்டேன்.

வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க ரெண்டு பேரும் உங்க வீட்டுக்கு வருவாங்க. நான் சொல்லிட்டேன். குடுத்துடுங்க தம்பி. அவ கடைசியா கேட்டது இது ஒண்ணுதான்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உங்களையே சந்தேகப்பட்டேன். இதெல்லாம் நீங்கள் போட்ட திட்டம், அவள் தலையில் கட்டுகிறீர்கள் என்று. பிறகு "சாக்கு" என்ற வார்த்தை வந்தது. என்னைப் பற்றி அந்த வார்த்தையை அவளைத் தவிர யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக்கூட "சிரிக்காததுக்கு என்ன சாக்கு?" என்று கேட்டவள். நம்பிவிட்டேன்.

நம்பினதில் நிம்மதி ஒன்றும் வரவில்லை. அவருக்காக ஆட்டினேன் என்றாளாமே. அப்படியானால் வேறு எதற்கெல்லாம் எனக்காகத் தலையை ஆட்டினாள்? கடலுக்குப் போகலாம், சரியானதும் என்றேன், ஆட்டினாள். வலி குறைந்திருக்கிறதா என்றேன், ஆட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எது நிஜம், எது எனக்காக என்று பிரிக்கத் தெரியவில்லை. பூட்டுக்காரர் மேல் இருந்த சந்தேகம் எவ்வளவோ லேசாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். பூட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் சோபா நுனியில் உட்கார்ந்தார். அந்தம்மா ஒரு புதுக் கழுத்துப்பட்டை கொண்டுவந்திருந்தார், சிவப்பு. வக்கீல் யார் பக்கமும் உட்காரவில்லை. எங்கள் நடுவில் கிடந்து என் சாக்ஸைக் கடித்துக்கொண்டிருந்தான்.

டீ கொடுத்தேன். பூட்டுக்காரர் கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு மெஷினுக்குத் தண்ணின்னு சொன்னேன் சார். உங்ககிட்டப் போய்..." என்றார்.

"பரவாயில்ல. வாரண்டி போயிருக்கும், அவ்வளவுதான்" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தோம். அவள் போன பிறகு அந்த அறையில் அது முதல் தடவை. சத்தம் கேட்டு வக்கீல் எழுந்து ஆட்சேபம் தெரிவித்தான்.

பிறகு சொன்னேன், நாயைக் கொடுப்பதாக இல்லை என்று. அந்தம்மா முகம் விழுந்துவிட்டது. பட்டையைப் பைக்குள் வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார். "அப்ப பஞ்சுவப் பாக்க நாங்க இனிமே டிக்கெட் எடுக்கணுமா?" என்றார். கோபத்தில்தான் கேட்டார். எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். டீச்சரம்மாவிடம் விசாரித்துக்கொள்ளுங்கள், கதவுச் சத்தம் கேட்டிருக்கும். போகும் வழியில் இவனைக் கடையில் விடுகிறேன், சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருகிறேன். பகலில் பஞ்சு, வீட்டுக்கு வந்தால் வக்கீல். பட்டையை வாங்கிக்கொண்டேன். விரிப்பைத் திருப்பிக் கேட்கவில்லை.

நான் வீட்டுக்குள் கிடக்கக் கூடாது என்றாள், அதில் அவள் ஜெயித்துவிட்டாள். நாய் விஷயத்தில் விடமாட்டேன். கடைசி ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் அதை உங்களிடம் கேட்டாள், என்னிடம் கேட்கவில்லை. ஏன் கேட்க முடியவில்லை என்று தெரியும், வாயை அடைத்தவன் நான். கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். தலையணையை எறிந்திருப்பாள். இரண்டு நாள் பேசியிருக்க மாட்டாள். வக்கீல் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் குரைத்திருப்பான். உடம்பு முடியாதவளோடு சண்டை போடக் கூடாது என்று கடைசி ஒரு வருடம் நான் எதற்குமே மறுப்புச் சொல்லவில்லை. அவளும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். அப்படியே முடிந்துபோனது.

அதனால் அந்தச் சண்டையை இப்போது போடுகிறேன். அவள் சொன்னது தப்பு, நாயையும் என்னையும் பிரிக்கத் தேவையில்லை, அதைச் செய்து காட்டப் போகிறேன். தினமும் காட்டுவேன். அவளும் சும்மா விடுகிறவள் இல்லை, என்னைப் பற்றி அவள் கணித்தது எதுவும் இதுவரை தப்பியதில்லை. பார்க்கலாம்.

உங்களுக்குக் கோபம் வரும். சத்தியத்தை மீறியது வீணாகிவிட்டதே என்று இருக்கும். ஆனால் இது புருஷன் பெண்டாட்டி சண்டை. நீங்கள் நடுவில் வராதீர்கள், அக்கா.